சுவரின் கணக்கும் சொல்லின் கணக்கும்: பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளின் எண்ணியல் தீர்வும் தமிழ்க் கலைச்சொற்களும் – நாட்டரசன்கோட்டை வீட்டுச் சுவரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வெப்பம் பரவுதல், கரைசலில் அயனிகள் நகர்தல், அணையில் தகைவு பகிர்தல் முதலிய பொறியியல் நிகழ்வுகள் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சூத்திர வடிவில் தீர்வு காண இயலாது. எண்ணியல் முறைகளே துணை. இம்முறைகளைத் தமிழில் எழுதும்போது தோன்றும் சொற்சிக்கல் ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது. செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவரொன்றில் வெப்பம் பரவுவதைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே கணக்கிட்டு, அக்கணக்கு எவ்விடத்தில் சரியாக நடக்கிறது, எவ்விடத்தில் முறிகிறது என்பதைக் காட்டுகிறது. இப்போது வழங்கும் சொற்களுள் ‘ஒருங்கமைவு’, ‘ஒருங்குதல்’ ஆகிய இரண்டும் இத்துறையின் அடிப்படைத் தேற்றமொன்றில் மோதுவதை எடுத்துக்காட்டி, அம்மோதலை நீக்கும் வழியொன்றை முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, எண்ணியல் முறை, முடிவுறு வேறுபாடு, நிலைப்பு, இசைவு, ஒருங்குதல், கலைச்சொல்லாக்கம், செட்டிநாட்டு வீடு.

1. முன்னுரை

தமிழில் அறிவியற் கலைச்சொற்களை உருவாக்கும் முயற்சி நூறாண்டைக் கடந்தது. 1916ஆம் ஆண்டு சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கியது முதல், பள்ளிப் பாடநூல்கள், பல்கலைக்கழக அகராதிகள், ஈழத்துச் சொற்றொகுதிகள் எனப் பலவழிகளில் சொற்கள் பெருகியுள்ளன. 2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியபோது, இச்சொற்கள் பட்டியலிலிருந்து வகுப்பறைக்கு வந்தன.

கலைச்சொல் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு சொல் எளிமையானதா, வேர்ச்சொல் தமிழா, மூலச்சொல்லின் பொருளைத் தருகிறதா என்னும் மூன்று வினாக்களுடன் நின்றுவிடுகின்றன. அவை தேவையான வினாக்களே. ஆயினும் நான்காவது வினா ஒன்று உண்டு: அச்சொல் பக்கத்துச் சொற்களுடன் ஒரே வாக்கியத்தில் வரும்போது, சிந்தனையைத் தெளிவாகத் தாங்குகிறதா? தனித்து நிற்கும்போது குறையற்ற இரு சொற்கள், ஒரு தேற்றத்துக்குள் அருகருகே வரும்போது ஒன்றையொன்று மறைக்கக்கூடும். இதனை அறியச் சொற்பட்டியல் போதாது. கணக்கைத் தமிழில் முழுமையாக நடத்திப் பார்க்கவேண்டும். இக்கட்டுரை அதனையே செய்கிறது.

2. ஆய்வுக்களம்

காரைக்குடி – மானாமதுரை இருப்புப்பாதையில் சிவகங்கையை அடுத்துள்ள ஊர் நாட்டரசன்கோட்டை. கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலாலும், கம்பர் சமாதி என மரபு போற்றும் இடத்தாலும் தமிழுலகம் அதனை அறியும். பங்குனி அத்தத்தன்று அங்கே கம்பன் விழாவுக்குக் கூடுவோர், வெயிலின் கடுமையையும் நகரத்தார் வீடுகளின் உட்குளிர்ச்சியையும் ஒருங்கே உணர்வர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நீளும் அவ்வீடுகளின் குளிர்ச்சிக்கு முற்றம், உயர்ந்த கூரை, நிழல் தரும் பத்தி எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று சுண்ணாம்புப் பூச்சுடன் கூடிய தடித்த செங்கற்சுவர். இக்கட்டுரை அந்த ஒரு காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

வினா இதுதான்: வெளிப்பக்கம் சூடேறிய சுவரில், சில மணி நேரத்துக்குப் பின் உள்ளே எந்த ஆழத்தில் என்ன வெப்பநிலை இருக்கும்? இதில் வெப்பநிலை இரண்டைச் சார்ந்து மாறுகிறது: ஒன்று ஆழம், மற்றொன்று நேரம். ஒன்றை நிறுத்திவைத்து மற்றொன்றால் வரும் மாற்ற வீதத்தை மட்டும் காண்பதே ‘பகுதி வகைக்கெழு’. ஈழத்து வழக்கில் இது பகுதி வகையீட்டின்பாற்படும். இரு வழக்குகளிலும் ‘பகுதி’ என்பது முழு மாற்றத்தின் ஒரு கூறு என்னும் பொருளைச் செவ்வனே தருகிறது.

3. வரவு, செலவு, இருப்பு

வெப்பச் சமன்பாட்டை பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். அச்சமன்பாட்டின் உட்பொருளை விளக்க நகரத்தார் கணக்கேட்டின் மூன்று சொற்கள் போதும்: வரவு, செலவு, இருப்பு.

சுவரைச் சம தடிப்புள்ள ஏடுகளாக அடுக்கியதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஏடும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. சூடான அண்டை ஏட்டிலிருந்து வருவது வரவு. குளிர்ந்த அண்டை ஏட்டுக்குப் போவது செலவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இருப்பில் சேர்கிறது. இருப்பு கூடினால் ஏட்டின் வெப்பநிலை உயர்கிறது. வெப்பம் எவ்வளவு விரைவில் கைமாறும் என்பதை அண்டை ஏடுகளுக்கு இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடு முடிவு செய்கிறது.

இங்கே நுட்பமான ஒன்று உண்டு. ஓர் ஏடு சூடாக இருப்பதனாலோ, அதன் இருபுறமும் வெப்பநிலை வேறுபடுவதனாலோ மட்டும் அதன் இருப்பு மாறாது. வருவதும் போவதும் சமமானால் கணக்கு அப்படியே நிற்கும். இடப்புற வேறுபாட்டுக்கும் வலப்புற வேறுபாட்டுக்கும் இடையே வேறுபாடு இருந்தால்தான் இருப்பு மாறும். வேறுபாட்டின் வேறுபாடே இரண்டாம் வரிசை வகைக்கெழு. ஆகவே வெப்பச் சமன்பாட்டைத் தமிழில் இவ்வாறு சொல்லலாம்: ஓரிடத்தின் வெப்பநிலை நேரத்தால் மாறும் வீதம், அவ்வெப்பநிலையின் ஆழஞ்சார் இரண்டாம் பகுதி வகைக்கெழுவைப் பரவற்கெழுவால் பெருக்கியதற்குச் சமம்.

பரவற்கெழு என்பது பொருளின் இயல்பு. சுட்ட செங்கல்லின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கும் பாகைக்கும் சுமார் 0.81 வாட், அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 1820 கிலோகிராம், தன்வெப்பம் கிலோகிராமுக்கும் பாகைக்கும் சுமார் 880 ஜூல். முதலாவதை மற்ற இரண்டின் பெருக்கலால் வகுத்தால், வினாடிக்கு 0.0000005 சதுர மீட்டர் என்னும் அளவு கிடைக்கிறது. அதாவது மணிக்கு 18 சதுர சென்டிமீட்டர். இக்கட்டுரையின் கணக்கு முழுவதும் இந்த 18 என்னும் எண்ணின்மேல் நிற்கிறது.

4. கணுவும் அடியும்

சுவரின் தடிப்பு 36 செ.மீ. எனக் கொள்வோம். அதனை 6 செ.மீ. இடைவெளியில் பகுத்தால் ஏழு புள்ளிகள் கிடைக்கும். மூங்கிலின் முடிச்சையும் கரும்பின் மூட்டையும் குறிக்கும் ‘கணு’ இப்புள்ளிகளுக்குப் பொருத்தமான பெயர். நேரத்தையும் இவ்வாறே சம பகுதிகளாக்குகிறோம். அவற்றைக் ‘கால அடி’ என்போம். இனி வெப்பநிலையை எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் தேடவேண்டியதில்லை. கணுக்களில், அடிதோறும் கண்டால் போதும். இதுவே முடிவுறு வேறுபாட்டு முறை.

‘முடிவுறு’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. கணக்கோட்பாட்டில் முடிவுறு கணம் என்பது முடிவிலிக் கணத்துக்கு எதிரானது. இங்கே எதிர்ச்சொல் முடிவிலி அன்று. கணக்கிட இயலாத அளவுக்கு நுண்ணியது என்பதே. ஆதலால் ‘அளவுறு வேறுபாடு’ என்பது பொருளுக்கு இன்னும் நெருங்கிய சொல்லாகும். ஆயினும் பயின்ற சொல்லை மாற்ற இக்காரணம் மட்டும் போதாது; ஒரு வரி விளக்கத்தால் ஐயம் தீர்கிறது. சொல்லை எப்போது மாற்றவேண்டும், எப்போது விளக்கினால் போதும் என்னும் வேறுபாட்டுக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் திரும்புவோம்.

கணக்கீட்டு விதி வருமாறு:

புதிய வெப்பநிலை = பழைய வெப்பநிலை + ப × (இடக் கணு + வலக் கணு − 2 × பழைய வெப்பநிலை)

இதில் ‘ப’ என்பது பரவல் விகிதம். பரவற்கெழுவைக் கால அடியால் பெருக்கி, கணு இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். நம் சுவரில் இடைவெளியின் வர்க்கம் 36, பரவற்கெழு 18. எனவே கால அடி ஒரு மணி எனில் ப = 1/2; அரை மணி எனில் 1/4; இரண்டு மணி எனில் 1.

5. ஒரு மணி அடியில் கணக்கீடு

ப = 1/2 ஆகும்போது விதி வியப்பூட்டும் அளவுக்கு எளிதாகிறது: கணுவின் புதிய வெப்பநிலை, அதன் இரு அண்டைக் கணுக்களின் பழைய வெப்பநிலைகளின் சராசரி. தமிழகப் பொறியியல் மாணவர் ‘பெண்டர்–ஷ்மிட் முறை’ என்னும் பெயரில் கற்பது இதுவே.

தொடக்க நிபந்தனை: சுவர் முழுவதும் 30 பாகை. எல்லை நிபந்தனைகள்: வெளிமுகம் 46 பாகைக்கு உயர்ந்து அங்கேயே நிற்கிறது, உள்முகம் 30 பாகையில் நிற்கிறது. உண்மையில் வெளிமுகம் திடீரெனச் சூடேறுவதில்லை. கணக்கு கண்ணுக்குப் புலப்படுவதற்காக இவ்வெளிமை. 30 பாகைக்கு மேற்பட்ட மிகையை மட்டும் வெளிமுகம் தொடங்கி உள்முகம் வரை எழுதினால்:

தொடக்கம்: 16, 0, 0, 0, 0, 0, 0
1 மணி: 16, 8, 0, 0, 0, 0, 0
2 மணி: 16, 8, 4, 0, 0, 0, 0
3 மணி: 16, 10, 4, 2, 0, 0, 0
4 மணி: 16, 10, 6, 2, 1, 0, 0
5 மணி: 16, 11, 6, 3.5, 1, 0.5, 0
6 மணி: 16, 11, 7.25, 3.5, 2, 0.5, 0

வெப்பத்தின் முன்முனையை மட்டும் நோக்குக: 8, 4, 2, 1, 0.5. வெளிமுக மிகையில் முறையே அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். எண்சுவடி மரபில் வந்த பாதிப்பாதி வரிசை அப்படியே சுவருக்குள் நடக்கிறது. பின்னங்களைப் பெயரிட்டு மனக்கணக்காகப் பயின்ற ஒரு மொழிக்கு இம்முறை புறத்தேயிருந்து வந்த விந்தையன்று.

இக்கணக்கு எவ்வளவு சரியானது? இந்த எளிய நிலைக்குச் சூத்திரத் தீர்வும் உண்டு. அதன்படி 4 மணிக்குப் பின் உட்கணுக்கள் ஐந்தின் மிகை 9.87, 5.08, 2.14, 0.73, 0.19. நம் கணக்கில் கிடைத்தவை 10, 6, 2, 1, 0. மிகப்பெரிய பிழை ஒரு பாகைக்கும் குறைவு. கால அடியை அரை மணியாக்கி எட்டு அடிகள் கணக்கிட்டால் 10.06, 5.32, 2.30, 0.78, 0.20 கிடைக்கின்றன, பிழை கால் பாகைக்குள் அடங்குகிறது. கணுக்களும் அடிகளும் உரியவாறு நெருங்க நெருங்க, எண்ணியல் விடை உண்மை விடையை அணுகுகிறது. இவ்வணுகுதலே ஒருங்குதல்.

6. கணக்கு முறியுமிடம்

அடியைச் சிறிதாக்கினால் பிழை குறைகிறது. எனில் பெரிதாக்கினால் பிழை சற்றே கூடும், அவ்வளவுதானே என்று மாணவர் எண்ணுவது இயல்பு. இரண்டு மணி அடியில், அதாவது ப = 1 எனக் கொண்டு, அதே சுவரைக் கணக்கிடுவோம். விதி இப்போது: புதிய மிகை = இடக் கணு + வலக் கணு − பழைய மிகை.

2 மணி: 16, 16, 0, 0, 0, 0, 0
4 மணி: 16, 0, 16, 0, 0, 0, 0
6 மணி: 16, 32, −16, 16, 0, 0, 0
8 மணி: 16, −32, 64, −32, 16, 0, 0

எட்டாம் மணியில், வெளிமுகத்திலிருந்து 12 செ.மீ. ஆழத்தில் 94 பாகை. அதன் இருபுறமும் 6 செ.மீ. தொலைவில் −2 பாகை. ஒரே செங்கற்சுவருக்குள் கொதிநீரை நெருங்கும் வெப்பமும் பனிக்கட்டியின் குளிரும் அடுத்தடுத்து! அடுத்த அடிகளில் இந்த ஊசல் இன்னும் பெருகும். கூட்டலில் பிழையில்லை; சமன்பாட்டில் பிழையில்லை; முறையே முறிந்துவிட்டது.

காரணத்தைக் கணக்கேட்டு மொழியிலேயே சொல்லலாம். விதியை வேறுவிதமாக எழுதினால், புதிய மிகை என்பது பழைய தன் மிகையின் (1 − 2ப) பங்கும், அண்டையர் இருவரின் மிகையில் ஒவ்வொரு ப பங்கும் சேர்ந்தது. ப அரைக்கு மேற்பட்டால் தன் பங்கு எதிர்க்குறி பெறும். ஏடு தன் இருப்புக்கு மேல் அண்டையருக்குக் கொடுத்துவிட்டது என்பது பொருள். அடுத்த அடியில் அக்கடனை அடைக்க அதனினும் பெரிய வரவு வேண்டும். அது அண்டையரை அதனினும் பெரிய கடனுக்குள் தள்ளும். இருப்புக்கு மேல் செலவு செய்யாத கணக்கே நிலைக்கும். ஆகவே இம்முறைக்குரிய நிபந்தனை: ப அரையை மிஞ்சலாகாது.

இந்த அறிவு எளிதில் வந்ததன்று. 1910இல் ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட்சன் முடிவுறு வேறுபாடுகளைக் கொண்டு கற்கட்டு அணையின் தகைவுகளைக் கணக்கிட்டு வெளியிட்டார். வெப்பச் சமன்பாட்டுக்கு அவர் கையாண்ட முறை, எவ்வளவு சிறிய அடி எடுத்தாலும் நிலைப்பற்றது எனப் பின்னரே தெரியவந்தது. 1928இல் கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர் எழுதிய கட்டுரை, கால அடிக்கும் இட இடைவெளிக்கும் உள்ள உறவு கட்டுப்பட்டாக வேண்டியதை அலைச் சமன்பாடு போன்றவற்றுக்கு நிறுவியது. 1947இல் கிராங்க், நிக்கல்சன் என்னும் இருவர் மற்றொரு வழி கண்டனர். பழைய வேளையின் வேறுபாடுகளையும் புதிய வேளையின் வேறுபாடுகளையும் சம அளவில் எடுத்து, எல்லாக் கணுக்களின் கணக்கையும் ஒருசேரத் தீர்ப்பது அது. இவ்வுட்படு முறையில் எந்தக் கால அடிக்கும் கணக்கு முறிவதில்லை. எனினும் அடி மிகப் பெரிதானால் விடையில் ஊசலாட்டம் தோன்றக்கூடும்.

முறியாத கணக்கெல்லாம் சரியான கணக்கு என்றும் கொள்ளலாகாது. 1991 ஆகஸ்டு 23ஆம் நாள் நார்வேயின் காண்ட்ஸ் ஃபியோர்டுக்குள் சிலைப்னர் ஏ என்னும் கடல் எண்ணெய்த் தளத்தின் காங்கிரீட் அடித்தளம் மூழ்கியது. முடிவுறு கூற்று முறையில் நடந்த கணக்கீட்டில், அறைச்சுவர்கள் கூடுமிடத்து வலைப்பின்னல் போதிய நுட்பமின்றி அமைந்ததால், நறுக்குத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. அங்கே விடை வெடித்துச் சிதறவில்லை. நம்பத்தக்க தோற்றத்துடன் தவறாக இருந்தது. முறிவு, பிழை என்னும் இரண்டும் வெவ்வேறு என்பதை உணர்த்தும் சொற்கள் ஒரு பொறியாளருக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று தேவையில்லை.

7. மூன்று சொற்களும் ஒரு தேற்றமும்

இதுவரை கண்டதிலிருந்து ஓர் எண்ணியல் முறைக்கு மூன்று பண்புகள் வேண்டுமென்பது புலனாகும்.

முதலாவது: கணு இடைவெளியும் கால அடியும் சுருங்கும்போது, கணக்கீட்டு விதி மூலச் சமன்பாட்டை நெருங்கவேண்டும். இது விதிக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள உறவு.

இரண்டாவது: கணக்கில் நுழையும் சிறு பிழை அடிதோறும் பெருகிச் செல்லலாகாது. இது விதிக்கும் அதன் பிழைக்கும் உள்ள உறவு.

மூன்றாவது: கிடைக்கும் விடை உண்மை விடையை அணுகவேண்டும். இது விடைக்கும் விடைக்கும் உள்ள உறவு.

1956இல் லேக்ஸ், ரிக்ட்மையர் இருவரும் வெளியிட்ட தேற்றம் இம்மூன்றையும் பிணைக்கிறது. நன்கமைந்த நேரியல் தொடக்க மதிப்புச் சிக்கலுக்கு, முதற்பண்பு உடைய முறை மூன்றாம் பண்பைப் பெற இரண்டாம் பண்பு தேவையானது. அதுவே போதுமானதும் ஆகும். மூன்றாம் பண்பை நேரே சோதிப்பது அரிது, உண்மை விடை நமக்குத் தெரியாதாகையால். முதலிரண்டையும் தாளில் சோதிக்கலாம். தெரியாததைத் தெரிந்தவற்றால் உறுதிசெய்வதே தேற்றத்தின் பயன்.

இப்பண்புகளுக்குத் தமிழில் என்ன சொற்கள்? முதற்பண்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லே நேரியல் சமன்பாட்டுத் தொகுப்பு தீர்வுடையதா என்பதைக் குறிக்கவும் வழங்குகிறது. தமிழ்ப் பள்ளிக் கணிதத்தில் அப்பொருளுக்கு ‘ஒருங்கமைவு’ என்பது நிலைபெற்ற சொல். மூன்றாம் பண்புக்கு, தொடர்களைப் பற்றிய வழக்கில் உள்ள ‘ஒருங்குதல்’ இருக்கிறது. அகராதியைப் பார்த்து எழுதுவோர் தேற்றத்தை இவ்வாறு எழுதநேரும்: ‘ஒருங்கமைவுடைய முறை ஒருங்குவதற்கு நிலைப்பு தேவையானதும் போதுமானதும் ஆகும்.’

இவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழையில்லை. ஆயினும் ஒருங்கமைவுடையது ஒருங்குவது இயல்புதானே என்றே படிப்போர் மனம் கொள்ளும். இரு சொற்களின் பகுதியும் ஒன்றாதலால், தேற்றம் கூறியது கூறலாகத் தோன்றி, ‘நிலைப்பு’ என்பது ஓர் ஒப்புக்கு வைத்த அடைபோல் ஒதுங்கிவிடுகிறது. உண்மையில் தேற்றத்தின் உயிரே அங்குதான். நம் இரண்டு மணி அடிக் கணக்கும் அதே விதியின் வழி நடந்ததே. அவ்விதி முதற்பண்பு முழுமையாக உடையது. ப = 1 என்பதை மாற்றாமல் கணுக்களை எவ்வளவு நெருக்கினாலும் விடை உண்மையை அணுகாது; இன்னும் விரைவாகச் சிதறும். ‘ஒருங்கமைவுடையது ஒருங்கும்’ என்று உள்ளத்தில் பதிந்த மாணவர் இவ்விடத்தில்தான் ஏமாறுவார்.

ஆகவே முதற்பண்புக்கு ‘இசைவு’ என்னும் சொல்லை இக்கட்டுரை முன்மொழிகிறது. இதற்குக் காரணங்கள் மூன்று. ஒன்று, சமன்பாட்டுத் தொகுப்பில் பல சமன்பாடுகள் தமக்குள் பொருந்துவது பேசப்படுகிறது. அதற்கு ஒருங்கமைவு தகும். எண்ணியல் முறையிலோ விதியொன்று மூலச் சமன்பாட்டுக்குப் பொருந்துவது பேசப்படுகிறது. அதற்கு ஒன்றோடொன்று இசைதல் தகும். இரண்டு, ஆங்கிலம் இரு பொருளுக்கு ஒரு சொல்லை ஆள்வதால் தமிழும் ஆளவேண்டும் என்னும் கட்டாயமில்லை. மூன்று, ‘இசைவு’ சட்ட வழக்கிலும் பொது வழக்கிலும் பயின்ற சொல், புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை.

மாறாக, ‘ஒருங்குதலை’ விட்டுக் ‘குவிதலை’ எடுத்தால் என்ன என்னும் வினா எழலாம். குவிவில்லை, குவிபரப்பு முதலிய சொற்களில் அது வடிவத்தைக் குறிப்பதால், பரப்புகளையும் சார்புகளையும் பேசும் பொறியியல் நூலில் மற்றொரு மோதலுக்கே அது வழிவகுக்கும்.

இரண்டாம் பண்புக்கு ‘உறுதி’ என எழுதுதல் தவிர்க்கத்தக்கது. கட்டடப் பொறியியலில் உறுதி என்பது பொருள் சுமை தாங்கும் வலிமை. உறுதியான சுவரைப் பற்றிய உறுதியற்ற கணக்கு என்னும் குழப்பம் நேரும். ‘நிலைத்த’ என்னும் அடையும் நேரத்தால் மாறாத நிலையைச் சுட்டப் பயன்படுவதால், அதனை ‘மாறாநிலை’ எனப் பிரித்து, பிழை பெருகாமைக்கு ‘நிலைப்பு’ என வரையறுத்துக்கொள்ளலாம். இனித் தேற்றம்: ‘இசைவுடைய முறை ஒருங்குவதற்கு நிலைப்பு தேவையானதும் போதுமானதும் ஆகும்.’ மூன்று கருத்துகளும் தனித்தனியே நிற்கின்றன.

‘முடிவுறு’ என்பதை விளக்கினால் போதும் என்றும், ‘ஒருங்கமைவு’ என்பதை இங்கே மாற்றவேண்டும் என்றும் கூறுவதன் காரணம் இப்போது தெளிவாகும். முன்னது ஐயத்தைத்தான் தருகிறது. பின்னது தவறான முடிவைத் தருகிறது.

8. பெயரில் ஒரு பாட வேறுபாடு

சொற்களைப் போலவே பெயர்களும் கைமாறும்போது திரிகின்றன. சராசரி விதியைப் ‘பெண்டர்–ஷ்மிட்’ முறை என இந்தியப் பாடநூல்கள் வழங்குகின்றன. இதனை 1924இல் வரைபட முறையாகப் பரப்பியவர் ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட். அவருக்கு முன்னோடியானவர் பிண்டர். ‘பிண்டர்’ என்பதே ‘பெண்டர்’ எனத் திரிந்து தலைமுறைகளாகப் படியெடுக்கப்பட்டு வருகிறது. சுவடிப்பதிப்பில் பாட வேறுபாடுகளை ஆராய்ந்து பழகிய தமிழாய்வாளருக்கு இது புதிய காட்சியன்று. தமிழ்வழிப் பாடநூல் எழுதுவோர் இடைநூலை மட்டும் பார்த்துப் பெயர்த்தால் இத்தகைய திரிபுகளும் உடன்வரும்.

9. சுவரிலிருந்து மின்முனைக்கு

ஒரு சமன்பாட்டைத் தமிழில் சரியாகச் சொல்லிவிட்டால், அதன் பயன் ஒரு சுவரோடு முடிவதில்லை. இதற்குச் சான்றும் அதே வட்டாரத்திலேயே உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் நல்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். மின்வேதியியலின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்று, மின்முனையை நோக்கி அயனிகள் கரைசலில் பரவுவது. ஃபிக் 1855இல் எழுதிய அப்பரவற் சமன்பாடு, வெப்பச் சமன்பாட்டின் வடிவமே. வெப்பநிலைக்குப் பதில் செறிவு. 1964இல் ஃபெல்ட்பெர்க் மின்வேதியியலுக்குக் கொண்டுவந்த கணிப்பொறிக் கணக்கீட்டிலும் அடுக்கேடுகளும் அண்டை ஏட்டு வரவு செலவுமே உள்ளன.

நீரில் அயனிகளின் பரவற்கெழு ஏறத்தாழ வினாடிக்கு 0.000000001 சதுர மீட்டர். நம் சுவரினுடையதில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. கணு இடைவெளியை 0.06 மில்லிமீட்டர் என எடுத்தால், நிலைப்பு நிபந்தனைப்படி கால அடி 1.8 வினாடியை மிஞ்சலாகாது. சுவரில் ஒரு மணி, மின்முனையில் 1.8 வினாடி. அளவுகள் மாறினும் விதி மாறவில்லை. விதியைத் தாங்கும் தமிழ்ச் சொற்களும் மாறவேண்டியதில்லை.

சுவருக்கே திரும்பினால், வெளிமுக வெப்பநிலை நாள்தோறும் ஏறி இறங்கும் உண்மை நிலைக்கும் இச்சமன்பாடே விடை தருகிறது. மேற்கூறிய பரவற்கெழுவுடன், 24 மணி நேர ஊசலின் வீச்சு ஏறத்தாழ ஒவ்வொரு 11.7 செ.மீ. ஆழத்துக்கும் 37 விழுக்காடாகச் சுருங்குகிறது. தடித்த செங்கற்பரப்பில் 36 செ.மீ. ஆழத்தில் அது வெளிவீச்சில் 5 விழுக்காட்டுக்கும் கீழ். உச்சம் வந்துசேர ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகிறது. 23 செ.மீ. ஆழத்திலோ 14 விழுக்காடு. தாமதம் ஏழரை மணி. உள்ளறைக் காற்றுடன் நிகழும் வெப்பப் பரிமாற்றத்தைச் சேர்த்தால் இவ்வெண்கள் சற்று மாறும், போக்கு மாறாது. நண்பகல் வெயில் நள்ளிரவில்தான், அதுவும் இருபதில் ஒரு பங்காகத்தான், அவ்வளவு ஆழத்தை எட்டுகிறது. அதற்குள் வெளியே குளிர்ந்துவிடுகிறது.

10. முடிவுரை

இவ்வாய்விலிருந்து பெறப்படுவன: பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டின் எண்ணியல் தீர்வை, அதன் பிறப்பு, விதி, கணக்கீடு, முறிவு, தேற்றம் என எல்லாப் படிகளிலும் தமிழிலேயே நடத்தமுடிகிறது. வரவு, செலவு, இருப்பு, கணு, எல்லை என மொழியில் முன்பே இருந்த சொற்கள் அதில் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. சிக்கல் எழுவது சொல் இல்லாத இடத்தில் அன்று. இரண்டு நல்ல சொற்கள் ஒரே வேரில் மோதும் இடத்தில். அம்மோதல் தனிச்சொல் அகராதியில் தெரிவதில்லை; தேற்றத்தை எழுதிப் பார்க்கும்போதே வெளிப்படுகிறது.

எனவே கலைச்சொல் தொகுப்போர் ஒவ்வொரு துறைக்கும் அதன் அடிப்படைத் தேற்றங்கள் சிலவற்றையும், முழுமையாக நடத்திய கணக்கு ஒன்றையும் சொற்பட்டியலோடு சேர்த்து வெளியிடுதல் நன்று. தமிழ்த் துறையும் கணிதத் துறையும் கூடியிருந்து செய்யவேண்டிய பணி இது. இசைவு, நிலைப்பு, ஒருங்குதல் என்னும் மூன்றும் வேறு வேறு என்று சொல் வழியே உணர்ந்த மாணவர், செங்கற்சுவருக்குள் 94 பாகை என்று கணிப்பொறி காட்டும்போது அதனை நம்பமாட்டார்; தாம் எடுத்த கால அடியைத் திரும்பிப் பார்ப்பார்.